மறு: செப்பரேஷன் = பிரிவு? அது சரிவராது

நண்பர்களே,

> செப்பரேஷன் – பிரிவு அல்லது பிரிநிலை
> வைட் ரிசீவர் – அகலப் பெறுநர்

அமெரிக்கக் கால்பந்துச் சொற்களுக்குத் தமிழ் தேடி இந்தப் பட்டியல் போட்ட ஐயாவின் உழைப்புக்கு முதலில் வணக்கம். ஆனால் இந்த இரண்டு வரியையும் அப்படியே விட முடியாது. பெறுநர் என்று படித்ததும் பள்ளியில் எழுதிய விடுமுறைக் கடிதம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது, மேலே அனுப்புநர் எங்கே என்று தேடினேன். எறிந்த பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை இப்போதைக்கு ரிசீவர் என்றே விட்டுவிடலாம், யாருக்கும் புரியாமல் போகாது. பிரிவுதான் பெரிய சிக்கல். பிரிவு என்றால் நமக்குப் பாலைத்திணை. பிரிநிலை என்றால் ஏகாரம். ரிசீவர் தன்னை ஒட்டி நிற்கும் எதிரணித் தடுப்பாளரைப் பிரிந்து வாடவில்லை, அவனைத் தொலைத்துவிட்டு ஓடுகிறான்.

சொல் அழகாக இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் கிடக்கிறது. பந்து வந்து சேரும்போது ரிசீவருக்கும் தடுப்பாளருக்கும் நடுவே இருக்கும் தூரம் ஒன்று, அந்தத் தூரத்தை உண்டாக்கும் வித்தை இன்னொன்று. என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டக்காரர்களின் தோள்கவசத்தில் சில்லு வைத்துக் கஜக்கணக்கில் சொல்கிறார்களே, அது முதலாவது மட்டும்தான். கல்லூரிப் பையன்களை டிராஃப்டுக்காக, அதாவது என்எஃப்எல் அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்காக, எடைபோடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாம் போச்சு.

ஏனென்றால் கல்லூரி ஆட்டத்தில் சும்மாவே நிறைய இடம் கிடைக்கும். மைதானத்தில் இரண்டு வரிசையாகக் குறுங்கோடுகள் போட்டிருப்பார்களே, அந்த வரிசைகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்தை ஒரு பக்கக் குறுங்கோட்டு வரிசையில் வைத்து ஆரம்பித்தால் மறுபக்கம் கல்லூரியில் பொட்டல்வெளியாகக் கிடக்கும், அங்கே ஒருவனை நிறுத்திவிட்டு, பயிற்சியாளர் போட்ட திட்டப்படி இன்னொருவன் குறுக்கே ஓடித் தடுப்பாளரை இழுத்துக்கொண்டு போனால் இவன் தனியாக நிற்பான், பந்து வரும், பிடிப்பான், கணக்கில் 90 பிடி ஏறிவிடும். அவன் யாரையும் ஏமாற்றவே இல்லை. இது கொடுக்கப்பட்ட இடைவெளி. நமக்குச் சொல் வேண்டியது, தானே உண்டாக்கிக்கொள்வதற்கு.

அது எப்படி இருக்கும் என்று ஒரு நொடியை மட்டும் பார்ப்போம். தடுப்பாளர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறான். பந்து கிளம்பியதும் ரிசீவர் வெளிப்பக்கமாக இரண்டு குட்டி எட்டு வைக்கிறான், தோளும் கண்ணும் அந்தப் பக்கமே. தடுப்பாளரின் இடுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது. திரும்பிய இடுப்பு மறுபடி நேராவதற்குள் இவன் உள்பக்கம் வெட்டிப் போய்விடுகிறான். வெட்டுவதற்கு முந்தைய எட்டில் உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தால்கூட வேகம் குறையப்போகிறது என்று தடுப்பாளருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு நுணுக்கம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாற்பது கஜம் நேராக ஓடவிட்டால் இதில் எதுவும் தெரியாது.

2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிராஃப்டுக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைனில் ரிசீவர் ஜான் ராஸ் அந்த நாற்பது கஜத்தை 4.22 விநாடியில் ஓடினார், அப்போது அதுதான் சாதனை. டிராஃப்டில் 9ஆம் தேர்வாகச் சின்சினாட்டி அணிக்குப் போனார், முதல் பருவத்தில் ஒரு பிடிகூட இல்லை (காயங்களும் சேர்ந்துகொண்டன, அதையும் சொல்லவேண்டும்). அதே கம்பைனில் இன்னொரு ரிசீவர் கூப்பர் கப் 4.62. சிறிய கல்லூரி வேறு. 69ஆம் தேர்வு. 2021இல் அவர் 145 பிடி, 1,947 கஜம். கப்பை நேராக ஓடி முந்தக்கூடியவர்கள் அந்த லீக்கில் ஏராளம், ஆனாலும் அவரை ஒட்டி நிற்க முடியவில்லை.

டெரி மெக்லாரின் என்ற ரிசீவரின் கதை இன்னும் பொருத்தம். ஒஹையோ ஸ்டேட் கல்லூரியில் கடைசிப் பருவத்தில் 35 பிடிதான். எண்ணை மட்டும் பார்த்தவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். கல்லூரி ஆட்டத்தை முடிப்பவர்களுக்காக மொபீல் நகரத்தில் நடக்கும் சீனியர் பவுல் ஆட்டத்துக்கான பயிற்சியில் ஒற்றைக்கு ஒற்றை விட்டார்கள், திட்டமும் கிடையாது, துணையும் கிடையாது. அங்கேதான் பலருக்குக் கண் திறந்தது. என்னைக் கேட்டால் ஒரு பருவத்துக் கணக்கைவிட அந்த மூன்று நாள் பயிற்சிப் படம் மேல்.

சரி, சொல்லுக்கு வருவோம். நான் சொல்வது கழற்றல். ஆளைக் கழற்றிவிட்டான் என்று பேசுகிறோமே, அதுதான். இதற்கு ஒரு நண்பரின் ஆட்சேபம்:

> கழற்றிவிடுதல் என்றால் காதலியை ஏமாற்றுவது போல ஒலிக்கிறதே. ஏய்ப்பு அல்லது நழுவல் என்றால் என்ன?

ஒலிக்கட்டுமே! தடுப்பாளருக்கும் அப்படித்தான் இருக்கும். ஏய்ப்பு என்றால் வரி ஏய்ப்புதான் நினைவில் வந்து நிற்கும். நழுவல் மோசமில்லை, ஆனால் நழுவுகிறவன் தப்பித்து ஓடுபவன், இங்கே ரிசீவர் தப்பிக்கவில்லை, எதிரியை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு மறுபக்கம் போகிறான். கழற்று செயப்படுபொருள் கேட்கும் வினை, யாரைக் கழற்றினான் என்று கேட்கலாம். நழுவு அதைக் கேட்காது. அப்புறம், வினையாக வளைந்துகொடுக்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்: "ஒட்டி நிற்கும் தடுப்பாளரைக் கழற்றத் தெரிகிறது, ஆழத்தில் ஓடும்போது கழற்றல் குறைவு, அங்கே மல்லுப்பிடியை நம்பி இருக்கிறான்." உறுத்தவில்லை. மல்லுப்பிடி என்று நான் எழுதியிருப்பது தடுப்பாளர் மேலே விழும்போதே பந்தைப் பறித்துப் பிடிப்பது, அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆக, தூரத்துக்கு இடைவெளி, வித்தைக்குக் கழற்றல். பட்டியலில் பிரிவை அடித்துவிட்டு இரண்டு வரியாகப் போடுங்கள் ஐயா. ரிலீஸ் (ஆட்டம் தொடங்கியதும் எதிரே நிற்கும் தடுப்பாளரைத் தாண்டி ரிசீவர் கிளம்புவது) என்பதற்கு விடுவிப்பு என்று போட்டிருக்கிறீர்கள், அது சிறையிலிருந்து வருவதுபோல இருக்கிறது. ஆனால் என்னிடமும் வேறு சொல் இல்லை. கபடி ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.