அசெம்பிளி உறுப்பினர் அனுப்பும் வாராந்திர மெயில்: எதைப் படிக்கணும், எதைத் தள்ளணும்?

புதுவீட்டுக்காரன்:

வணக்கம். போன வருஷம் நியூஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டியில வீடு வாங்கி வந்தோம். தீபாவளி விழாவுல யாரோ நீட்டின தாள்ல மெயில் முகவரி எழுதிக் கொடுத்தேன். அன்னியிலேர்ந்து எங்க தொகுதி அசெம்பிளி உறுப்பினர் ஆபீஸ்லேர்ந்து வாராவாரம் கடிதம் வருது. முக்கால்வாசி படம்தான்: நூலகத்துல ரிப்பன் வெட்டறார், ரத்ததான முகாம்ல நிக்கறார், சீனியர் சென்டர்ல பெரியவங்களோட பிங்கோ ஆடறார், கோயில்ல மாலை போட்டுக்கறார். கடைசியில நாலு வரி சட்டம் பத்தி.

போன வாரம் அந்த நாலு வரியில சொத்து வரிச் சுமையைக் குறைக்க மசோதா கொண்டுவந்தாச்சுன்னு இருந்தது. என் மனைவி அதை நம்பி அடுத்த வருஷ வீட்டுச் செலவுல வரியைக் குறைச்சே எழுதிட்டா. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனா ஏன் இல்லைன்னு அவகிட்ட எடுத்துச் சொல்லவும் தெரியலை. இந்த மெயிலை எப்படிப் படிக்கறது? இன்னொண்ணு, நாங்க ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கோம். ஓட்டு கிடையாது. அந்த ஆபீசுக்குப் போன் போட்டா மதிப்பாங்களா?

பனிவாளி:

எனக்கும் வருது. நேரா குப்பைக்கூடைக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் போட்டிருக்கேன். தேர்தல் வருஷத்துல படம் மட்டும் ரெண்டு மடங்காகும்.

டிரென்டன் பக்கத்துவாசி:

பனிவாளி தம்பி, குப்பைக்கூடைக்கு அனுப்பாதீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்த மெயில்களை வரி விடாமப் படிக்கறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. வீட்டம்மா சீரியல் பார்க்கறாங்க, நான் இதைப் பார்க்கறேன். ரெண்டுலயும் கதை மெதுவாத்தான் நகரும்.

புதுவீட்டுக்காரருக்குச் சொல்றேன். "கொண்டுவந்தாச்சு"ன்னா அதுக்கு அர்த்தம் ஒரு தாளுக்கு நம்பர் போட்டாச்சுங்கறது மட்டும்தான். யாரும் இன்னும் ஓட்டுப் போடலை. நம்ம மாநிலச் சட்டமன்றத்துல செனட், அசெம்பிளின்னு ரெண்டு சபை, 40 தொகுதி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு செனட்டர், ரெண்டு அசெம்பிளி உறுப்பினர்கள். ஆக உங்களுக்காக மாநிலத் தலைநகர் டிரென்டன்ல உட்கார்ந்திருக்கறது ஒருத்தர் இல்லை, மூணு பேர். மொத்தம் 120 பேரும் ஆளுக்கு எத்தனையோ மசோதா தாக்கல் பண்றாங்க. பெரும்பாலானது கமிட்டிக்குப் போய் அங்கேயே தூங்கிடும். எதை விசாரணைக்கு எடுக்கறதுங்கறது கமிட்டித் தலைவர் கையில. அவர் கண்டுக்கலைன்னா கதை முடிஞ்சது.

அதனால மெயில்ல நீங்க தேட வேண்டியது வினைச்சொல்லை. "கமிட்டியைத் தாண்டியது"ன்னா உயிர் இருக்கு. "அசெம்பிளியில நிறைவேறியது"ன்னா 41 ஓட்டு கிடைச்சிருக்கு, ஆனா செனட்ல அதே வாசகத்துக்கு 21 ஓட்டு கிடைக்கணும். இந்த இடத்துலதான் நிறையப் பேர் ஏமாறுவாங்க. ஒரு சபையில நிறைவேறினதைக் கொட்டை எழுத்துல போட்டுக் கொண்டாடுவாங்க. அடுத்த சபையில அதோட ஜோடி மசோதா கமிட்டியைக்கூடப் பார்த்திருக்காது. ரெண்டும் முடிஞ்சா கவர்னர் மேஜை. அங்கே சாதாரணமா 45 நாள் அவகாசம். கையெழுத்துப் போடலாம், நிராகரிக்கலாம், இல்லை "இந்த இந்த இடத்தை மாத்திக் கொடுங்க"ன்னு நிபந்தனையோட திருப்பி அனுப்பலாம். இந்த மூணாவது வழி நம்ம ஊர்ல அடிக்கடி நடக்கும். அப்படித் திரும்பினா மெயில்ல அதைப் பத்தி மூச்சு விட மாட்டாங்க.

இன்னொரு பொறி: ரெண்டு வருஷக் கூட்டத்தொடர் முடிஞ்சா, முடியாத மசோதா எல்லாம் செத்துடும். இரட்டைப்படை ஆண்டு ஜனவரியில புது நம்பரோட அதே தாள் மறுபடி வரும். "புதிய மசோதா அறிமுகம்"னு பெருமையா எழுதியிருப்பாங்க. எனக்கு அதுங்க எல்லாம் பழைய முகம்.

இப்போ சொத்து வரி. அந்த வரியைப் போடறது மாநிலம் இல்லை. உங்க முனிசிபாலிட்டி, கவுண்டி, பள்ளி வாரியம் மூணும் சேர்ந்து போடறது, அதுல பெரும்பங்கு பள்ளிக்கு. டிரென்டன்ல உட்கார்ந்து உங்க பில்லை நேரடியா வெட்ட முடியாது. ஒண்ணு, உள்ளூர் வரி வருஷத்துக்கு எவ்வளவு ஏறலாம்னு கயிறு கட்டலாம். 2010-ல 2 சதவீத உச்சவரம்பு வந்தது அப்படித்தான். இல்லைன்னா வாங்கின பணத்துல கொஞ்சம் திருப்பித் தரலாம், ஆங்கர் (ANCHOR)ங்கற மாநிலத் திட்டம் மாதிரி. ஆங்கர்ல எவ்வளவு வரும்ங்கறதும் மசோதா தலைப்புல இல்லை, வருஷா வருஷம் ஜூன் 30-க்குள்ள நிறைவேற வேண்டிய பட்ஜெட்ல இருக்கு. 65 வயசு ஆனவங்களுக்குச் சொத்து வரியில ஒரு பங்கைத் திருப்பித் தர்ற ஸ்டே என்ஜே (Stay NJ) திட்டத்தையே எடுத்துக்கோங்க. சட்டம் ஆனது 2023-ல. பலன் தொடங்கறது 2026-லன்னு அப்பவே எழுதி வெச்சுட்டாங்க. வீட்டம்மாகிட்ட இந்த உதாரணத்தைச் சொல்லுங்க. கையெழுத்தான சட்டமே இப்படின்னா, தாக்கல் ஆன தாளை நம்பிக் கணக்குப் போடலாமான்னு கேளுங்க. (கேட்கற தொனியைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.)

ஓட்டு இல்லையேன்னு தயங்க வேண்டாம். தொகுதியில குடியிருந்தாப் போதும். போன்ல உங்க முகவரியைக் கேட்பாங்க, விசாவைக் கேட்க மாட்டாங்க. ஆனா எதுக்குப் போன் போடறோம்னு தெரிஞ்சுக்கணும். கிரீன் கார்டு, ஹெச்-1பி தாமதமெல்லாம் மத்திய அரசு விஷயம். அதுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸ். விசா நீட்டிப்பு நிலுவையில இருக்கறப்போ டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாம அலையறீங்களா? அது மாநிலம். வேலையிழப்புப் பணம், ஆங்கர் விண்ணப்பம் மாட்டிக்கிட்டது, இதெல்லாம் அசெம்பிளி ஆபீஸ்தான். அங்கே உள்ள ஊழியர்களுக்கு எந்தத் துறையில யாரைப் பிடிக்கணும்னு தெரியும். என்னைக் கேட்டா, அந்த ஆபீசோட உண்மையான வேலையே அதுதான், மெயில்ல ஒரு படம்கூட அதைப் பத்தி இருக்காது.

கடலூர்ப் பொண்ணு:

மாமா சொன்னதுல ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். நிகழ்ச்சிப் படங்களை ரொம்பக் கிண்டல் பண்ண வேண்டாம். ஜனவரியைத் தமிழ் மொழி, பண்பாட்டு மாதமா நியூஜெர்சி 2023-ல அறிவிச்சதே, அது வானத்துலேர்ந்து விழலை. பொங்கல் விழாவுக்கு இவங்களைக் கூப்பிட்டு, சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, பக்கத்துல உட்கார வெச்சுப் பேசிப் பேசித்தான் நடந்திருக்கும். அந்தக் கோயில் மாலைப் படத்துல நிக்கற ஊழியரோட விசிட்டிங் கார்டை வாங்கி வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

கமிட்டி விசாரணையில நாமளும் பேசலாம், அண்ணா. எங்க பள்ளி நிதி விஷயமா நான் போய்ப் பேசினேன். பேர் எழுதிக் கொடுத்துட்டு உட்கார்ந்தா கூப்பிடுவாங்க. ரெண்டு மூணு நிமிஷம்தான் கிடைக்கும். எழுதி எடுத்துட்டுப் போனதுல பாதிதான் படிக்க முடிஞ்சது. போக முடியாதவங்க எழுத்துல அனுப்பலாம், இணையத்துல நேரலையாவும் கேட்கலாம்.

டிரென்டன் பக்கத்துவாசி:

சரியாச் சொன்னேம்மா. ஆனா அந்தத் தமிழ் மாதம் ஒரு கூட்டுத் தீர்மானம். யாரும் பைசா செலவு பண்ண வேண்டியதில்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த மாதிரி விஷயம் சுலபமா நகரும். பணம் கேட்கற மசோதா நகர்றது வேற கதை. மெயில்ல ரெண்டும் ஒரே அளவு எழுத்துல வர்றதுதான் என் புகார்.

புதுவீட்டுக்காரர், அந்தச் சொத்து வரி மசோதா நம்பரை இங்கே போடுங்க. ஏ-ல ஆரம்பிச்சா அசெம்பிளி, எஸ்-னா செனட். சட்டமன்ற இணையதளத்துல அடிச்சா எந்தக் கமிட்டியில இருக்கு, ஜோடி மசோதா இருக்கா, உங்க ஆள் முதன்மையாக் கொண்டுவந்தவரா, இல்லை பின்னாடி பேரை மட்டும் சேர்த்துக்கிட்டவரா, எல்லாம் தெரிஞ்சுடும்.

புதுவீட்டுக்காரன்:

ரொம்ப நன்றி சார். ஸ்டே என்ஜே உதாரணம் வேலை செஞ்சுது, வீட்டுக் கணக்குல பழைய தொகை திரும்ப வந்தாச்சு. மெயிலை மறுபடி மேலேயிருந்து கீழ வரைக்கும் பார்த்தேன். பிங்கோவுல ஜெயிச்ச பாட்டி பேர்கூட இருக்கு. மசோதா நம்பர் இல்லை.

டிரென்டன் பக்கத்துவாசி:

அப்போ நாளைக்குக் காலையில போன் போட்டு நம்பரைக் கேளுங்க. ஓட்டு இல்லாதவனை மதிப்பாங்களான்னு கேட்டீங்களே, அதுவும் அப்பவே தெரிஞ்சுடும். நம்பர் கிடைச்சதும் இங்கே போடுங்க, கமிட்டியில எங்கே நிக்குதுன்னு நான் பார்த்துச் சொல்றேன்.