மறு: தரவு விகிதமா, தரவு வீதமா? கைபேசிச் சோதனைக் கருவிக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். கைபேசிச் சோதனைக் கருவியின் கையேட்டுக்காக முன்வைக்கப்பட்ட சொற்பட்டியல் இது:

> டேட்டா ரேட் – தரவு விகிதம்
> த்ரூபுட் – செயல்திறன்
> கோட் ரேட் – குறியீட்டு விகிதம்
> பிளாக் எரர் ரேட் – தொகுதிப் பிழை விகிதம்
> எம்சிஎஸ் – பண்பேற்றக் குறியாக்கத் திட்டச் சுட்டெண்

இந்தப் பட்டியலில் முதல் இரண்டும் மாற வேண்டும். நடு இரண்டில் ‘விகிதம்’ சரியாகவே இருக்கிறது. கடைசியைச் சுருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இவற்றில் மூன்றுக்கு ஒரே ‘ரேட்’தான். நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘ஆளுக்கு நூறு ரூபாய் வீதம்’, ‘மணிக்கு 60 கிலோமீட்டர் வீதம்’ என்கிறோம். ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் இடம் அது. ‘சிமெண்டும் மணலும் 1:4 விகிதம்’ என்னும்போது ஒரே வகையான இரண்டு அளவுகளை ஒப்பிடுகிறோம், அதற்கு அலகு கிடையாது. நொடிக்கு இத்தனை பிட் என்பது வீதம். அனுப்பும் மொத்த பிட்டுகளில் தகவல் பிட்டுகள் எத்தனை பங்கு என்பது (கோட் ரேட்) விகிதம். பிழையான தொகுதிகள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதும் விகிதம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் வட்டி விகிதம், இலங்கையில் வட்டி வீதம். சதவீதமும் சதவிகிதமும் இங்கே சேர்ந்தே புழங்குகின்றன. பொதுப் பேச்சில் இதனால் கெடுதல் ஏதுமில்லை. கருவியை அமைப்பவருக்கு உண்டு. 0.93 (பங்கு) என்பதும் 75.376 (நொடிக்கு மெகாபிட்) என்பதும் அவர் ஒரே வேளையில் கணக்கில் கொள்ள வேண்டிய எண்கள். இரண்டுக்கும் ‘விகிதம்’ என்று பெயரிட்டால் எதை மாற்றுவது என்று குழம்புவார்.

இனி த்ரூபுட். ‘செயல்திறன்’ பொருந்தாது. அது எபிஷியன்சிக்கும் பெர்பார்மன்சுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. என் பரிந்துரை ஒரு இணை: இடுவீதம், பெறுவீதம். செல்கோபுரத்தின் வேலையைத் தானே செய்யும் சோதனைக் கருவி, கைபேசிக்கு நொடிக்கு எவ்வளவு தரவை இடுகிறதோ அது இடுவீதம். அதில் பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது பெறுவீதம். விதையையும் உரத்தையும் ‘இடுபொருள்’ என்று உழவர்கள் சொல்வதால் ‘இடு’வுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. இரண்டும் ஊறுகாய், குடிநீர் போன்ற வினைத்தொகைகள். மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

ஒரு எல்டிஇ (4ஜி) அமைவை எடுத்து இந்தச் சொற்களைச் சோதித்துப் பார்ப்போம். 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் 100 ஆர்பி, அதாவது பட்டையைப் பங்கிடும் 100 வளத்துண்டுகள். எம்சிஎஸ் (தரவை எவ்வளவு நெருக்கமாக ஏற்றுவது என்று சொல்லும் எண்) 28 என்று கொடுத்தால் ஒரு மில்லிநொடிக்கு ஒரு தொகுதி, அதில் 75,376 பிட். இரண்டு ஆன்டெனா வழியே இரண்டு ஓடைகள் என்றால் 1,50,752 பிட். எல்லா மில்லிநொடியும் நிரம்பினால் இடுவீதம் நொடிக்கு 150.752 மெகாபிட். வகை 4 கைபேசி (வகை என்பது கைபேசி தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும் எண்) இதைத் தாங்கும். வகை 3 கைபேசியோ ஒரு மில்லிநொடியில் 1,02,048 பிட்டுக்கு மேல் எடுக்காது. அதற்கும் 28-ஐயே வைத்துவிட்டு, பெறுவீதம் சரிந்ததும் ஏற்பியில் (ரிசீவரில்) கோளாறு என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு ஓடைக்கும் 23 வைக்க வேண்டும்: 51,024 பிட் வீதம் இரண்டு, சரியாக 1,02,048. ஆகவே முதலில் கைபேசி தன் வகையாக எதை அறிவிக்கிறது என்று இணைப்பு ஏற்பட்டதும் கருவியில் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு இடுவீதத்தைத் தொட வேண்டும்.

அடுத்தது குறிவிகிதம் (‘குறியீட்டு விகிதம்’ என்பதைவிட இது சிறியது). மேலே சொன்ன 75,376 பிட் தொகுதியை ஏற்றிச் செல்ல எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஒதுக்கும் குறிகளின் (சிம்பல்) எண்ணிக்கை முடிவு செய்கிறது. கருவியில் சிஎஃப்ஐ என்று இருக்கும். இரண்டு ஆன்டெனா அமைவில் சிஎஃப்ஐ 1 என்றால் 86,400 பிட்டுக்கு இடம், குறிவிகிதம் ஏறத்தாழ 0.87. சிஎஃப்ஐ 2 என்றால் 79,200, அதாவது 0.95. சிஎஃப்ஐ 3 என்றால் 72,000. தொகுதியே இடத்தைவிடப் பெரிது, 1.05. முதல் முறை வரும் தொகுதியின் குறிவிகிதம் 0.930-ஐத் தாண்டினால் கைபேசி அதை அவிழ்க்காமலே விடலாம் என்று கைபேசித் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான 3ஜிபிபியின் தரநிலை அனுமதிக்கிறது. கைபேசியில் ஒரு குறையும் இல்லாமல் பிழை விகிதம் ஏறுவதற்கு இது ஒரு காரணம். எம்சிஎஸ் 28 வேண்டுமானால் சிஎஃப்ஐ 1. இதை விளக்கும் வாக்கியத்தில் வீதம், குறிவிகிதம், பிழை விகிதம் மூன்றும் வந்தே தீரும். மூன்றும் தனித்தனிச் சொல்லாக இல்லாவிட்டால் வாக்கியமே நிற்காது.

‘பெறுவீதம்’ ஏன் தேவை என்பதற்கு ஏற்பி உணர்திறன் சோதனை (எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை கைபேசி பிடிக்கிறது என்று பார்ப்பது) நல்ல எடுத்துக்காட்டு. 10 மெகாஹெர்ட்ஸ், 50 ஆர்பி, எம்சிஎஸ் 5. தொகுதிக்கு 4,392 பிட். மில்லிநொடிக்கு ஒன்று என்று கணக்கிட்டு 4.392 மெகாபிட்டை எதிர்பார்ப்பவர், திரையில் 3.95 வந்ததும் பத்து சதவீதம் தொலைந்தது என்று நினைப்பார். எதுவும் தொலையவில்லை. ஒரு மில்லிநொடி நீளமுள்ள பத்துத் துணைச்சட்டகங்களில் 5-ஆம் எண்ணுள்ளதில் இந்தச் சோதனைத் தடம் (தரநிலை வகுத்த சோதனை அமைவு) தரவே இடுவதில்லை. செல்லின் முதல் தகவல் தொகுதியான எஸ்ஐபி1 அங்கேதான் வருகிறது. ஒன்பது தொகுதிகள், பத்து மில்லிநொடிக்கு 39,528 பிட். இடுவீதமே 3.9528 மெகாபிட்தான். பெறுவீதம் அதில் 95 சதவீதம், அதாவது சுமார் 3.755, இருந்தால் கைபேசி தேறியது. பேண்ட் 1 என்ற அலைவரிசையில் இந்தப் பட்டையகலத்துக்கு −97 டிபிஎம் (சிக்னல் திறனின் அலகு), பேண்ட் 3-இல் −94 டிபிஎம் என்ற அளவில் இது பார்க்கப்படும்.

எம்சிஎஸ்-க்கு ‘ஏற்றப்படி’ என்று வைக்கலாமா? பண்பேற்றம், குறியேற்றம் இரண்டிலும் ஏற்றம் இருக்கிறது. 0 முதல் 9 வரை ஒரு குறிக்கு 2 பிட், 10 முதல் 16 வரை 4, 17 முதல் 28 வரை 6, படிப்படியாக ஏறுவது. (‘குறியாக்கம்’ வேண்டாம். என்கிரிப்ஷனுக்கும் அதையே பலர் எழுதுகிறார்கள்.)

‘செட்டிங்’ – அமைவு. ‘அமைப்பு’ என்றால் சிஸ்டத்தோடு மோதும்.

---

மறுமொழி

ஐயா, வணக்கம். வீதம், விகிதம் பிரிப்பில் எனக்கு முழு உடன்பாடு. மற்றவற்றில் சில ஐயங்கள்.

> கருவி நொடிக்கு எவ்வளவு தரவை இடுகிறதோ அது இடுவீதம்

ரோடு & ஷ்வார்ட்ஸ் சிஎம்டபிள்யூ500 போன்ற கருவிகளில் எம்சிஎஸ்-ஐ நாமே நிலையாக வைக்கலாம், தரநிலைத் தடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது சிக்னல் தரம் பற்றிக் கைபேசி அனுப்பும் சிக்யூஐ அறிக்கையைப் பின்தொடரவும் விடலாம். கடைசி வகையில் 0 முதல் 15 வரை கைபேசி சொல்வதற்கு ஏற்ப எம்சிஎஸ் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது இடுவது யார்?

‘பெறுவீதம்’ எந்த நெட்வொர்க் அடுக்கில் என்ற கேள்வியும் உண்டு. பிழை விகிதத்தை அளக்க இணையத் தரவே தேவையில்லை. கருவி வெற்று பிட்டுகளை இட்டு நிரப்பிவிடும். அங்கே 150 மெகாபிட் காட்டும். அதே அமைவில் ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டினால் தலைப்புகள் தின்றதுபோக அதைவிடக் குறைவாகத்தான் வரும். டிசிபி என்ற தரவு அனுப்பும் நெறிமுறை என்றால் ஏற்புச் செய்திகள் மேலேறு வழியில் (கைபேசியிலிருந்து கருவிக்கு) திரும்ப வேண்டும். மேலேறு வழிக்கு நாலைந்து ஆர்பி மட்டும் கொடுத்துவிட்டால் கீழிறங்கு வழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் நொண்டும். ஏற்புச் செய்தி கேட்காத யுடிபி-யில் இந்தத் தொல்லை இல்லை. ‘பெறுவீதம் குறைவு’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எது என்று தெரியாது.

மேலேறு வழி பற்றிக் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: ஆர்பி எண்ணிக்கை 2, 3, 5 இவற்றின் பெருக்கமாக மட்டுமே இருக்க முடியும். 48 கொடுக்கலாம், 50 கொடுக்கலாம், 49 முடியாது.

‘ஏற்றப்படி’யில் படி இடிக்கிறது. பஞ்சப்படி, பயணப்படி போல ஏதோ தொகை என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. த்ரூபுட்டுக்கு ‘சேர்வீதம்’ எப்படி? போய்ச் சேர்வதுதானே.

---

மறுமொழி

‘சேர்வீதம்’ எனக்கும் முதலில் தோன்றியதுதான். ஆனால் இரண்டு மூன்று கேரியர்களை (அலைவரிசைகளை) சேர்த்துத் தரவு அனுப்பும் கேரியர் சேர்ப்பு அதே கருவியில் இருக்கிறது. அங்கே ‘சேர்வீதம்’ என்றால் எல்லாக் கேரியர்களின் கூட்டுத்தொகை என்றே பொருள் கொள்வார்கள். பெறுவீதத்தில் அந்த மயக்கம் இல்லை. மேலேறு வழியிலும் பொருந்துகிறது: கைபேசி இடும், கருவி பெறும்.

சிக்யூஐ-யைப் பின்தொடரும்போதும் இடுவது கருவிதான். தேர்வு மட்டும் கைபேசியின் சொற்படி. அதை ‘மாறும் இடுவீதம்’ என்றும், நாமே வைப்பதை ‘நிலை இடுவீதம்’ என்றும் குறிக்கலாம்.

அடுக்கு பற்றி நீங்கள் சொன்னது சரி. இனி அடுக்கின் பெயர் இல்லாமல் பெறுவீதம் எழுதக்கூடாது: மேக் பெறுவீதம் (ரேடியோ இணைப்பு அடுக்கில்), ஐபி பெறுவீதம் (இணைய அடுக்கில்). ‘படி’யை விட்டுவிடுகிறேன். ‘ஏற்ற எண்’ போதும். ‘ஏற்ற எண் 23’ என்று வாய்விட்டுச் சொல்லவும் எளிது. திரையில் எம்சிஎஸ் என்றே இருப்பதால் முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

பிழை அளவீட்டுத் திரையில் மூன்று எண்ணிக்கைகள் இருக்கின்றன. ஏஸிகே ‘ஏற்பு’, என்ஏஸிகே ‘மறுப்பு’. டிடிஎக்ஸ்-க்கு ‘பதிலின்மை’ என்பேன். மறுப்பையும் பதிலின்மையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மறுப்பு என்றால் தொகுதி தனக்கு வந்தது என்று கைபேசிக்குத் தெரியும், அவிழ்க்க முடியவில்லை. அப்போது ஏற்ற எண், சிஎஃப்ஐ, கைபேசி வகை இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாம் ஓடையில் மட்டும் எல்லாமே மறுப்பு என்றால் இரண்டாம் ஆன்டெனா கேபிளைப் பாருங்கள். பதிலின்மை என்றால் ஒதுக்கீட்டுச் செய்தியையே கைபேசி கேட்கவில்லை, அல்லது அதன் பதில் கருவியை எட்டவில்லை. அங்கே ஏற்ற எண்ணைக் குறைத்துப் பயனில்லை. கேபிள் இழப்பைக் கருவியில் பதிந்தோமா, திறன் (பவர்) அளவை எந்த அலகில் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸில் 1,200 துணைக்கேரியர்கள், அதாவது பட்டைக்குள் அடுக்கிய குறுகிய அலைகள். ஒரு துணைக்கேரியருக்கு −85 டிபிஎம் என்றால் முழுப் பட்டைக்கு −54.2. முழுப் பட்டைக்கான எண் என்று நினைத்துக்கொண்டு, துணைக்கேரியருக்கான கட்டத்தில் ஒரு மதிப்பைக் கொடுத்தால் கைபேசிக்குப் போவது 30.8 டெசிபெல் கூடுதல். மாற்றிக் கொடுத்தால் அதே அளவு குறைவு, செல்லே பிடிபடாமல் போகலாம்.

இந்தக் கட்டங்களுக்குக் கையேட்டில் ‘துணைக்கேரியர்த் திறன்’, ‘பட்டைத் திறன்’ என்று எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.