புதுப்பிப்பு: ஜிஎஸ்டி பாக்கிக்குத் தவணை கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, திருப்பூரில் சின்னதாகப் பவர் டேபிள் யூனிட் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கிற இடம்) வைத்திருக்கிற எனக்கு 3.6 லட்சம் ஜிஎஸ்டி கட்டச் சொல்லி ஆர்டர் வந்தது, ஒரே அடியாகக் கட்ட வழியில்லை என்று. தவணை கிடைத்துவிட்டதுங்க.

போர்ட்டலில் டிஆர்சி-20 படிவத்தில் விண்ணப்பித்தேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 80-வது பிரிவுப்படி அதிகபட்சம் 24 மாதத் தவணை தரலாம். நான் 24 கேட்டேன், 12தான் கொடுத்தார்கள். சரி, அதுவே பெரிய விஷயம். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் தனியாக ஓடுகிறது. அப்புறம், சிலர் கேட்டிருந்தீர்கள்: நாமே ரிட்டர்னில் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட வரிக்கு இந்த வசதி கிடையாது, 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கும் கிடையாது.

பயம் ஒன்றுதான். ஒரு தவணை தவறினாலும் மிச்சம் மொத்தத்தையும், மறு நோட்டீஸ்கூட இல்லாமல், உடனே கேட்பார்கள். எனக்கு ஜாப் ஒர்க் பணம் தர வேண்டியவரோ மூன்று மாதம் இழுக்கிற ஆள். "சீட்டுப் பணமாட்டம் மொதல்லயே எடுத்து வெச்சுரு கண்ணு" என்றார் அம்மா. தனிக் கணக்கு தொடங்கிவிட்டேன். முதல் தவணை நேற்றுக் கட்டியாயிற்று, இன்னும் பதினொன்று.