கோடை விடுமுறையில் பேன்: ஈறா, பொடுகா?

கேள்வி:
என் மகளுக்கு 7 வயது. விடுமுறைக்கு அக்கா பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரிவிட்டு வந்திருக்கிறாள். நேற்றிலிருந்து பிடரியைச் சொறிகிறாள். வியர்வை அரிப்பு என்றுதான் நினைத்தேன். காதுக்குப் பின்னால் வெள்ளையாகப் புள்ளிகள் தெரிகின்றன. இது ஈறா, பொடுகா?

பதில் 1:
விரலால் தள்ளிப் பாருங்கள். பொடுகு உதிர்ந்துவிடும், ஈறு முடியோடு ஒட்டிக்கொண்டு நகராது. என் இரண்டு பெண்களுக்கும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், உலர்ந்த தலையில் பேன் சட்டென்று ஓடி ஒளியும். தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஊர்வது ஒன்று சிக்கினாலே உறுதி. அப்புறம் 3 நாளுக்கு ஒரு முறை, 2 வாரம் விடாமல் வாருங்கள். ஈறு பொரிய 7 முதல் 10 நாள் ஆகும், அதனால் ஒரே நாளில் முடியாது. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆபத்து.

பதில் 2:
வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள், உங்கள் தலையையும் சேர்த்து. பேன் தாவாது, பறக்காது. பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறும். விளையாடப் போகும்போது இறுக்கிப் பின்னிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வாரிப் பார்த்தேன், 4 பேன் வந்தது. அக்காவுக்கும் சொல்லிவிட்டேன்.