1940 பிப்ரவரி 29, கோக்கனட் குரோவ்: ஆஸ்கர் இரவில் அவரவர்க்கு நேர்ந்தது

லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஹோட்டலின் கோக்கனட் குரோவ் கூடத்துக்கு அன்று ஆஸ்கர் விருந்துக்கு வந்தவர்களில் சிலருக்கு, மேசையில் உட்காரும் முன்பே முடிவு தெரிந்திருந்தது. அப்போதைய நடைமுறை அப்படி. வாக்குகளை எண்ணியதும் வெற்றியாளர் பட்டியலை, ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமி, பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். இரவு 11 மணிக்குத்தான் வெளியிடலாம் என்பது நிபந்தனை. அச்சுக் கோத்து, பக்கம் கட்டி, பதிப்பை வண்டியேற்ற வேண்டுமே, அதற்குத்தான் இந்தச் சலுகை. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 8.45 மணிப் பதிப்பிலேயே பட்டியலைப் போட்டுவிட்டது. தாமதமாக வந்தவர்கள் வாங்கிப் படித்துவிட்டே உள்ளே நுழைந்தார்கள். சிறந்த நடிகர் விருது கிளார்க் கேபிளுக்கு இல்லை, ராபர்ட் டோனட்டுக்குத்தான் என்பதும் அதில் இருந்தது.

மறு வருடமே, 1941 பிப்ரவரி 27, பில்ட்மோர் ஹோட்டல் விருந்தில் முடிவுகள் முத்திரையிட்ட உறைக்குள் போய்விட்டன. எண்ணும் வேலை 1935 முதலே பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காளர்கள் கையில் இருந்தது. அங்கே ஓட்டை இல்லை. எண்ணிய பிறகு பட்டியல் போன வழியில்தான் ஓட்டை. அதை அடைக்க வந்த உறைதான் பிற்பாடு நிகழ்ச்சிக்கே உயிராகிவிட்டது.

*

உறை ரகசியத்தைக் காக்கும், பெயர்க் குழப்பத்தைத் தடுக்காது. 1934 மார்ச் 16, இதே அம்பாசடர் ஹோட்டல். சிறந்த இயக்குநர் போட்டியில் இருந்ததே மூன்று பேர். அதில் இரண்டு ஃபிராங்க். மேடையிலிருந்த வில் ரோஜர்ஸ், 'வந்து வாங்கிக்கோ, ஃபிராங்க்!' என்று முதல் பெயரை மட்டும் சொன்னார். ஃபிராங்க் காப்ரா எழுந்து மேசைகளுக்கு நடுவே பாதி தூரம் வந்துவிட்டார். வெளிச்சம் போய் விழுந்தது எதிர்ப்பக்கத்தில், ஃபிராங்க் லாயிட் மீது. அத்தனை பேர் பார்க்க காப்ரா திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. படத்தின் பெயரையும் சேர்த்துப் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

*

1940க்கே திரும்புவோம். 'கான் வித் த விண்ட்' படத்தில் நடித்த கறுப்பின நடிகை ஹேட்டி மெக்டேனியலுக்கு அன்று நேர்ந்ததைச் சொல்லாமல் அந்த இரவைப் பற்றிப் பேசக்கூடாது.

அம்பாசடர் ஹோட்டல் கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்காத இடம். படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகப் பேசி அனுமதி வாங்கிய பிறகே ஹேட்டி உள்ளே வர முடிந்தது. வந்த பிறகும் படக்குழுவோடு உட்கார இடமில்லை. சுவரோரமாக ஒரு சிறிய மேசை. அவரோடு துணைக்கு வந்தவரும் அவருடைய ஏஜெண்டும் மட்டும். இரண்டரை மாதம் முன்பு, 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் அதே படத்தின் முதல் காட்சி நடந்தபோது, இனப் பிரிவினைச் சட்டங்களால் அங்கே அவர் தலைகாட்டவே முடியவில்லை.

விருந்து முறையில் மேசைதான் அந்தஸ்து. முன் மேசைக்காரருக்கு மேடை நாலு எட்டு; சுவரோரத்தில் இருப்பவருக்குக் கூடத்தையே கடக்க வேண்டும். சிறந்த துணை நடிகை விருதுக்கு நடிகை ஃபே பெயின்டர் ஹேட்டியின் பெயரை அறிவித்ததும், தலையில் கார்டீனியா பூவோடு ஹேட்டி அந்தத் தூரத்தை நடந்து வந்தார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். நடிப்புக்காக அடுத்த கறுப்பினக் கலைஞர் போட்டியில் வென்றது 1964இல், சிட்னி பாய்ட்டியே. பெண்களில் அடுத்தவர் வூப்பி கோல்ட்பர்க், 1991இல். அதாவது 51 வருடம்.

*

அவர் கையில் கொடுத்தது சிலையும் அல்ல, தகடு. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல: துணை நடிப்பு விருது 1937இல் தொடங்கியதிலிருந்து 1943 வரை அந்தப் பிரிவில் எல்லாருக்கும் தகடுதான்.

தகடு சிறியது, தொலைவதும் எளிது. 1952 அக்டோபர் 26இல் இறந்த ஹேட்டி, அதை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பிற்பாடு அது அங்கிருந்து காணாமல் போனது. 2023இல்தான் அகாடமி மாற்றுத் தகடு செய்து பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. இவ்வளவு தாமதம் மன்னிக்க முடியாதது என்றே நினைக்கிறேன்.

*

முழுச் சிலை பற்றி: 13.5 அங்குல உயரம், 8.5 பவுண்டு, கிட்டத்தட்ட 3.85 கிலோ. முதலில் வெண்கலத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசினார்கள். சில வருடங்களில் வெள்ளீயம் மிகுந்த பிரிட்டானியா உலோகத்துக்கு மாறி, அதன்மேல் செம்பு, நிக்கல் வெள்ளி, கடைசியில் 24 காரட் தங்கம் என்று அடுக்கடுக்காக முலாம் ஏற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்ததும் மூன்று வருடம் வர்ணம் பூசிய பிளாஸ்டர் சிலைதான். போர் முடிந்ததும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பிளாஸ்டர் அடி தாங்காது. 1945இல் வென்ற பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு வீட்டுக்குள் கோல்ஃப் மட்டையைச் சுழற்றியதில் சிலையின் தலை போய்விட்டது.

*

விருந்து மேசைகள் ஒழிந்ததும் போர்க்காலத்தில்தான். 1944 மார்ச் 2, கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டர்: சாப்பாடு இல்லை, வரிசை நாற்காலிகள், ராணுவத்தினருக்கு இலவச அனுமதி. துணை நடிப்புக்கு முழுச் சிலை வழங்கியதும் அன்று முதல்தான். வாங்கியவர்கள் கட்டினா பாக்ஸினூ, சார்லஸ் கோபர்ன். இரண்டுமே பிளாஸ்டர்.