பேத்தியின் உடுப்புகளில் ஒரு போர்வை: தைத்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை அம்மாயி:

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். மகள் வயிற்றுப் பேத்திக்குப் பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்தும் தக்கவில்லை. நடை பழகிக்கொண்டிருந்த வயசு. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எழுதவும் முடியாது. அவள் துணிமணிகளை வைத்து ஒட்டுப் போர்வை தைத்தேன். அந்தச் சமயத்தில் விவரம் கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. இனி தைப்பவர்களுக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன்.

குழந்தை போனதும் முதலில் கிளம்பிய பேச்சே துணி பற்றித்தான். எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிச் சித்தூருக்குக் கொண்டுபோய்ச் சோகநாசினி ஆற்றில் விட்டுவிடலாம் என்றார் சம்பந்தியம்மா. போன உயிரின் உடுப்பு வீட்டில் கிடந்தால் அடுத்து உண்டாகும் கருவுக்கு ஆகாது என்று அவருக்குப் பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அவள் பேத்திதான். என் மகளோ அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. நான் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆடிக் காத்து அடங்கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட தவணை என்று புரியும்.

பெரியவர்கள் போனால் காரியம், கருமாதி, திதி என்று வரிசையாக வேலை இருக்கிறது. அழுதுகொண்டே அரிசி களைவோம், இலை போடுவோம். சின்னக் குழந்தைக்கு எங்கள் பக்கம் அது எதுவும் கிடையாது. புதைத்துவிட்டு வந்து தலைக்குத் தண்ணி ஊற்றினால் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் "மறந்துரு அம்மிணி, இன்னொண்ணு பொறக்கும்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். என் கைக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் இந்தப் போர்வை வேலையில் இறங்கினேன், கலை ஆர்வத்தால் அல்ல.

வெட்டுவதற்கு முன்னால் மகளிடம் கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆசையில் தாங்களே வெட்டிவிடும் பாட்டிமார் உண்டு. துணியை வாங்கிக் கொடுத்தது நாமாகவே இருந்தாலும் பிள்ளை அவர்களுடையது. மகள் உடனே பதில் சொல்லவில்லை. நானும் தோண்டித் துருவவில்லை. கடைசியில் ஒருநாள் போனில் சொன்னாள்: மஞ்சள் கவுனை வெட்டக்கூடாது, போட்டோ அச்சடித்து ஒட்டக்கூடாது, பேரும் தேதியும் எழுதக்கூடாது, கிளிப்பச்சைத் துண்டைத் துவைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அந்தத் துண்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, போர்வையில் சேரவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். குழந்தைத் துணி ஒரே ரகமாக இருக்காது. பருத்திக் கவுன், பனியன் துணிச் சட்டை, ஒரு பட்டுப் பாவாடை, கம்பளித் தொப்பி எல்லாம் கலந்து கிடக்கும். முதலில் நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொன்றின் மேலும் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். அதை அப்படியே சதுரமாக வெட்டினால் தைத்து முடிக்கும்போது கோணிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டி அயர்ன் செய்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஜாக்கெட்டுக் காலருக்கு ஒட்டுவது மாதிரி கெட்டியான ரகம் வேண்டாம், போர்வை அட்டையாகிவிடும். ஐந்து அங்குல அட்டை ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே எல்லாச் சதுரங்களையும் வரைந்தேன். தையலுக்குக் கால் அங்குலம் உள்ளே போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பட்டன், பாக்கெட், நெஞ்சில் இருக்கும் வாத்துப் படம் இவையெல்லாம் சதுரத்துக்கு நடுவே விழும்படி அட்டையை நகர்த்தலாம். கழுத்துப் பட்டியில் ரசக் கறை இருந்த சட்டை ஒன்று. கறையோடுதான் வெட்டினேன்.

உள்ளே வைக்க இலவம்பஞ்சு வேண்டாம். தலையணைக்குச் சரி, போர்வையில் வைத்து ஒருமுறை அலசினால் கட்டிகட்டியாகத் திரண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். அவளுக்குத் தூளி கட்டியது என் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை. அதைத்தான் மடித்து உள்ளே வைத்தேன். வெளியே தெரியாது. தெரிய வேண்டியதில்லை. மேல்துணி, சேலை, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல், நடுவிலிருந்து ஓரத்துக்கு. நடுவில் தொடங்கினால் சுருக்கம் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

பாதி முடிந்திருந்தபோது சம்பந்தியம்மா வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த ஆரஞ்சுக் கவுன் நான் எடுத்துக் கொடுத்ததாச்சே, அதை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். காட்டினேன். ஓரத்தில் இருந்தது. "கொஞ்சம் உள்ளார தள்ளி வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கம்பத்து அப்பத்தா:

தங்கச்சி, உங்களுக்கு அலமாரி நிறையத் துணியாவது இருந்தது. எங்களுக்கு ஒன்றுமே இல்லை. மருமகளுக்கு எட்டாம் மாதம். குமுளிப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸில் வேலை. துடிப்பு இல்லை என்று போனவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பிறக்கும் முன்னே துணி எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஒரு சட்டை கூட வாங்கி வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றி மகன் கையில் கொடுத்துவிட்டார்கள். பார்த்தால் மறக்க முடியாது என்று தாயிடம் காட்டவே இல்லை. பார்க்காததால் மட்டும் மறந்துவிட்டாளா?

என்னிடம் இருந்தது தூளிக்கென்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருந்த என் வாயில் சேலைகள் இரண்டு. மருமகளின் வளைகாப்புச் சேலை ஒன்று. அதில் முந்தானையை மட்டும் வெட்டிக்கோங்க அத்தை என்று அவளே கொடுத்தாள். மடியில் விரிக்கும் அளவுக்குச் சின்னதாகத் தைத்தேன். அவ்வளவு போதும் என்றாள். எனக்குத் தையல் கோணல்மாணலாகத்தான் வரும், அப்படியே விட்டுவிட்டேன். சில நாள் மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பாள், சில மாதம் எடுக்கவே மாட்டாள். நான் எதுவும் கேட்பதில்லை.

செங்கோட்டை டெய்லர்:

வணக்கம். நான் தாத்தா. இந்த விஷயத்தில் ஆண்கள் யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்றும் மலைக்கு அந்தப் பக்கம்தான். மகனும் புனலூரில்தான் குடும்பத்தோடு இருக்கிறான். பேரன் காலேஜ் முதல் வருஷத்தில் பைக்கில் போய்விட்டான். சின்னக் குழந்தைத் துணிக்குச் சொன்ன பக்குவம் வளர்ந்த பையன் துணிக்குப் பொருந்தாது, அதனால் இது தனி.

அவனிடம் இருந்ததெல்லாம் ஜீன்ஸும் கால்பந்து ஜெர்சியும். 2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா ஜெயித்தபோது வாங்கிய நீலவெள்ளை ஜெர்சியைத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால்கூடப் போட்டிருப்பான். ஜெர்சி பாலியஸ்டர். சூடான அயர்ன் பாக்ஸ் நேராகப் பட்டால் பளபளவென்று உருகிப் போகும், முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணும் உரிந்துவிடும். குறைந்த சூட்டில், மேலே ஈரத்துணி போட்டு, பின்பக்கமாகத்தான் ஃபியூசிங் ஒட்ட வேண்டும். ஜீன்ஸில் கால் சந்தியில் இருக்கும் கனத்த மடிப்பை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள், மெஷினுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள். அடுக்கு கனமாக வந்தால் பதினெட்டு. ஜீன்ஸுக்குப் பக்கத்தில் ஜெர்சி வந்தால் கனமானது மெல்லியதை இழுத்துக் கிழிக்கும். நடுவில் சாதாரணச் சட்டைத் துணியில் ஒரு பட்டை கொடுத்துவிட்டேன். பின் பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் அப்படியே வைத்தேன். அவன் அம்மா அதில் என்னமோ சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். நான் படிக்கவில்லை.

கையால் தைத்தால்தான் பாசம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குக் கை நடுங்கும், மெஷின் மிதிக்கும் காலுக்கு நடுக்கம் இல்லை. முழுக்க மெஷின் தையல்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருத்தி:

எல்லாரும் மன்னிக்கணும். இது நம்ம ஊர்ப் பழக்கமே இல்லையே, வெளிநாட்டுக்காரங்க செய்வதைப் பார்த்துச் செய்வது தானே? நானும் பேரனை இழந்தவள்தான். அவன் உடுப்பை எல்லாம் அனாதைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கொடுத்தேன். யாரோ ஒரு பிள்ளை உடுத்திக் கிழிக்கட்டும். எனக்கு அதில்தான் ஆறுதல்.

வேலந்தாவளம் டீச்சர்:

கொடுத்தது நல்ல காரியம்தான் அக்கா. ஆனால் வெளிநாட்டுப் பழக்கம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய துணியை அடுக்கித் தைத்துப் போர்த்துவது இந்த நாட்டில் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. ஆந்திரா எல்லைப் பக்கம் போனால் 'பொந்த' என்பார்கள், கன்னடத்தில் 'கௌதி'. பீகாரில் சுஜனி என்று பழஞ்சேலைகளைச் சேர்த்துப் பிறந்த குழந்தைக்கென்றே தைப்பார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னொரு தினுசு. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், அம்மாயி சொன்னதற்கு நேர் எதிர். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைத்துத் தைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு.

இறந்தவர் நினைவாக என்று பார்த்தால், உலகம் முழுக்கத் தெரிந்தது அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. க்ளீவ் ஜோன்ஸ் என்பவர் தொடங்கி வைத்தது. ஒவ்வொருவருக்கும் மூன்றடிக்கு ஆறடித் துணி, ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முறை விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000, எடை 54 டன். நோய்க்குப் பயந்து சடலத்தை எடுக்கவே மறுத்த இடங்கள் அப்போது அங்கே இருந்தன. ஈமச் சடங்கு ஒழுங்காக நடக்காதவர்களுக்கு இந்தத் துணிதான் சடங்காக இருந்தது. கருமாதி இல்லை, கைக்கு வேலை இல்லை என்று அம்மாயி எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருத்தி:

சரி டீச்சர், நம்ம பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் எனக்கு வேண்டாம். வீட்டில் இருந்தால் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை அம்மாயி:

அது உங்கள் இஷ்டம் அக்கா, எல்லாரும் தைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பந்தியம்மா ஆற்றில் விடலாம் என்றதையும் நான் தப்பு என்று எங்கேயும் எழுதவில்லை.

தனியாகக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பத்திரப்படுத்தும்போது பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் சின்ன முடிச்சாகக் கட்டிப் பக்கத்தில் வையுங்கள், துணிமேல் படாமல். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டும் சரிகையும் அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். துவைக்க வேண்டி வந்தால் பூந்திக்கொட்டைத் தண்ணீர், கையால் அலசல். முறுக்கிப் பிழியாதீர்கள்.

அப்புறம், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதைப் போர்த்தலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு அதைப் போர்த்த வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாவின் பயத்துக்காக இல்லை. அது அக்காவுடையது, அவனுக்கு எதற்கு என்றாள். அவனுக்குத் தனியாகச் சென்னிமலைப் போர்வை எடுத்தேன். தைப்பதற்கு நேரம் இல்லை, ஓணத்துக்கு ஜாக்கெட் ஆர்டர் நிறைய வந்துவிட்டது.