கால்பந்து ஆசியக் கோப்பையிலிருந்து இந்தியா வெளியேறிய ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ரோலாக்காரன்:
2019 பஹ்ரைன் மேட்ச். கதை எல்லோருக்கும் தெரியும், நேரே 90வது நிமிடத்துக்கு வருகிறேன். ஷார்ஜா ஸ்டேடியம், 0-0. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று அடித்திருந்ததால் அடுத்த சுற்றுக்குப் போக நமக்கு டிரா போதும். அல் ஐனில் எங்கள் குரூப்பின் இன்னொரு ஆட்டத்தில் அமீரகமும் தாய்லாந்தும் 1-1 என்று ஆளாளுக்கு போனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன் வரிசையில் ஒரு திருச்சூர்க்காரர். ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவர், மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஸ்கோர்போர்டு தெரிகிற மாதிரி செல்ஃபி எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் நம் பிரணய் ஹல்தர் பெனால்டி பாக்ஸுக்குள் எதிராளி மேல் காலை விட்டார். விசில். இவர் ஆட்டம் முடிந்த விசில் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். சொல்வதற்கு எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். பஹ்ரைனின் ஜமால் ரஷீத் பந்தைப் பெனால்டி புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தார்.

நம் கோச் கான்ஸ்டன்டைன் அங்கேயே ராஜினாமா செய்தது, மறுநாள் டிஃபெண்டர் அனஸ் ஓய்வு அறிவித்தது எல்லாம் செய்தியில் படித்ததோடு சரி. மனதை விட்டுப் போகாதது அந்த மனிதர் குதித்ததுதான்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
விசிலுக்குக் காத்திருந்தது அவர் மட்டுமா? இரண்டாம் பாதி முழுக்க நம் அணியே அதற்குத்தான் காத்திருந்தது. வந்த பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிப்பது, அது அடுத்த நிமிடமே திரும்பி வருவது. அப்படி ஆடினால் யாராவது ஒருவர் கால் தப்பத்தான் செய்யும், அன்றைக்கு அது கேப்டன் பட்டை கட்டியிருந்த ஹல்தர். அனஸ் நாலாவது நிமிடமே காயத்தோடு போய்விட்டார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாய்லாந்தைத் துரத்தி அடித்த அதே பையன்களைக் கட்டிப்போட்டது யார்?

நான் போகிக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் போனில் பார்த்தேன். திண்டிவனம் தாண்டி சிக்னல் போனது. திரும்ப வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அல்கோர் பஸ்:
அண்ணே, உங்களுக்காவது அந்த 4-1 இருந்தது. 2024 ஜனவரியில் நான் கத்தாரில் மூன்று ஆட்டமும் நேரில் பார்த்தேன். ஆஸ்திரேலியா 0-2, உஸ்பெகிஸ்தான் 0-3, கடைசியாக அல் பைத் ஸ்டேடியத்தில் சிரியாவோடு 0-1. எழுந்து கத்துவதற்கு ஒரு கோல்கூட இல்லை. 76வது நிமிடத்தில் ஒமர் கிரிபின் அடித்ததும் பாதிப் பேர் படியிறங்கிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு சிரியப் பெரியவர். சிரியா முதல் தடவையாக நாக் அவுட்டுக்குப் போன நாள் அது. கண்கள் சிவந்திருந்தன. என் நீல ஜெர்சியைப் பார்த்ததும், பேரனுக்கு என்று வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் கையில் கொடுத்தார். கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பிஸ்கட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சேது ரசிகை:
எல்லோரும் ஆண்கள் அணியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2022 பெண்கள் ஆசியக் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டில் நடந்தது. ஈரானோடு 0-0. ஜனவரி 23, நவி மும்பையில் சீன தைபேயோடு, அதாவது தைவானோடு, அடுத்த ஆட்டம். நம் தமிழ்நாட்டு இந்துமதியும் மாரியம்மாளும் அணியில் இருந்ததால் வீட்டில் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அணிக்குள் கொரோனா பரவி, ஆட 13 பேரைக்கூடக் காட்ட முடியவில்லை. ஆட்டம் ரத்து, இந்தியா விலகியதாகக் கணக்கு. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வெளியே போனோம்.

என் அம்மா, "அப்போ நாளைக்கு ஆடுவாங்களா?" என்று கேட்டார். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பழைய கோச்சு:
தம்பிகளா, 2011 தோஹாவைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. மூன்று ஆட்டத்தில் 13 கோல் வாங்கினோம். பஹ்ரைனின் இஸ்மாயில் அப்துல்லத்தீப் ஒருவரே நாலு போட்டார். அன்றைக்குத்தான் டிவியில் தேசிய அணி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை வந்து அழுவதை விட்டுவிட்டு உங்கள் ஊர் மைதானத்துக்குப் போங்கள். வடசென்னையில் இருப்பவர்கள் வியாசர்பாடியில் ஒரு சாயங்காலம் போய் நின்று பாருங்கள், புழுதியில் எத்தனை பையன்கள் ஓடுகிறார்கள் என்று. சென்னை லீக் ஆட்டங்களுக்குக் கேலரி காலியாகக் கிடக்கிறது. மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு யார் ஆடுகிறார்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மதுரையின் சேது அணி 2019ல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது, அதற்குக் கூட்டம் வந்ததா? பையனை வெறும் காலோடு அனுப்பாதீர்கள், ஷூ வாங்கிக் கொடுங்கள். முழங்காலுக்குப் பயிற்சி முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்கு ஐரோப்பிய ஆட்டம் பார்த்தால் காலையில் எப்படி ஓடுவான்? வெயிலில் ஆடுபவன் ஆட்டத்துக்கு முன்னால் பரோட்டா சாப்பிடக் கூடாது, இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ரோலாக்காரன்:
ஐயா, பரோட்டா எங்கிருந்து வந்தது?

ஆஃப்சைடு ஆறுமுகம்:
அதை விடுங்கள். 13 வாங்கிய கணக்கைச் சொன்ன கோச்சு, நாம் திருப்பி 3 போட்டதை ஏன் விட்டுவிட்டார்? பஹ்ரைன் மேல் இரண்டு, தென் கொரியா மேல் சேத்ரியின் பெனால்டி. கத்தாரில் 6 வாங்கிவிட்டு ஒன்றுமே போடவில்லை. இதில் எது மோசம்?

அல்கோர் பஸ்:
நேரில் பார்த்தவன் சொல்கிறேன், இரண்டாவதுதான்.

பழைய கோச்சு:
கொரியாவோடு அன்று கோல்கீப்பர் சுப்ரதா பால் இல்லாவிட்டால் 13 எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துவிட்டுப் பேசு தம்பி.